இருந்தவரும் வரவிருந்தவரும்

2011-ஆம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி இரவு, அமெரிக்காவில் மியாமி நகரத்தில் நடந்த ஒரு கூடைப்பந்துப் பந்தயம் முடிந்து மணி அடித்தது. வெற்றி பெற்ற கோஷ்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் தம் தோழர்களைக் கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. கூடியிருந்த ஜனங்களை நோக்கிக் கை அசைக்கவும் இல்லை. கணக்கு எழுதுகிறவர்களின் மேஜையைத் தாண்டிக்கொண்டு உடை மாற்றும் அறையை நோக்கி ஓடினார். அங்கே யாருக்கும் தெரியாமல் சற்று நேரம் கண்ணீர் விட்டுத் தீர்த்துவிட்டு, பிறகுதான் பட்டம் வாங்கிக்கொள்ளத் திரும்பி வந்தார். அவர் ஏழடி உயரமுள்ளவர், ஜெர்மனியில் பிறந்தவர், பெயர் டர்க் நோவிட்ஸ்கி. பதின்மூன்று வருஷங்களாக டல்லாஸ் மேவரிக்ஸ் என்னும் ஒரே கோஷ்டியில் ஆடிவந்தவர்.

அந்தக் கண்ணீருக்குக் காரணம் இருந்தது. 2006-ஆம் வருஷத்தில் இதே மியாமி ஹீட் கோஷ்டியுடன் இதே இறுதிப் போட்டியில் டல்லாஸ் மோதியது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் வென்று, பிறகு தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றது. அந்த அவமானத்தை ஐந்து வருஷம் சுமந்த மனிதர் அழாமல் வேறு என்ன செய்வார்? இந்தத் தடவை மியாமியில் லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிரிஸ் போஷ் என்று மூன்று மகாரதர்கள் ஒன்று சேர்ந்திருந்தார்கள். டல்லாஸில் இருந்தவர்களோ பெரும்பாலும் வயதானவர்கள். பந்தை நடத்திச் செல்லும் ஜேசன் கிட்டுக்கு வயது 38. ஆயினும் நாலுக்கு இரண்டு என்ற கணக்கில் டல்லாஸ் வென்றது. அந்தக் கோஷ்டி ஏற்பட்ட 1980-ஆம் வருஷத்திலிருந்து அதற்குக் கிடைத்த முதல் பட்டம் அதுதான்.

நோவிட்ஸ்கியின் திறமை முன்பும் இருந்தது; பட்டம்தான் இல்லை. அப்படியானால் 2011-இல் புதிதாக வந்து சேர்ந்தது என்ன? இந்தக் கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில், டைசன் சாண்ட்லர் என்பது. இவரும் ஏழடிக்காரர். கூடைக்கு அடியில் நின்று, எதிரிகள் பந்தைப் போட வரும்போது மறிப்பது, குறி தவறித் திரும்பி விழும் பந்தைத் தாவிப் பிடிப்பது, தம் பக்கத்தார் ஏமாந்து நிற்கும் இடத்தைப் பார்த்துக் கூவி எச்சரிப்பது, இவைதான் அவர் வேலை. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி பத்துப் புள்ளிதான் எடுத்தார். பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் பெயர் வரும் வேலை அல்ல இது. வீட்டில் சமையற்கட்டைக் கவனித்துக்கொள்ளும் பாட்டியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாட்டி ஊருக்குப் போன மறுநாள்தான், அவள் என்னென்ன செய்துகொண்டிருந்தாள் என்பது வீட்டாருக்குத் தெரியவரும்.

டல்லாஸ் இவரைப் பெற்ற விதமும் வேடிக்கையானது. சார்லட் நகரத்துக் கோஷ்டியில் இருந்த சாண்ட்லர் இரண்டு பருவங்களாகக் கால் உபாதையால் பல ஆட்டங்கள் ஆடவில்லை, சம்பளமோ அதிகம். ஆகவே செலவைக் குறைக்க விரும்பிய சார்லட், 2010-ஆம் வருஷம் ஜூலையில் அவரை டல்லாஸுக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு டல்லாஸ் கொடுத்தவர்களில் முக்கியமானவர் எரிக் டாம்ப்பியர் என்பவர். அவருடைய ஒப்பந்தத்தின் கடைசி வருஷச் சம்பளத்தைக் கொடுக்காமலே அவரை அனுப்பிவிடலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. சார்லட் அவரைப் பின்னர் அனுப்பியும் விட்டது. ஒரு கோஷ்டி காலி இடம் வேண்டுமென்று வேண்டாமென்று தள்ளிய மனிதரை வைத்துக்கொண்டு மற்றொரு கோஷ்டி அடுத்த வருஷமே பட்டம் வென்றது! இந்தப் பாடத்தை உலகத்திலேயே நன்றாகப் படித்திருக்க வேண்டியவர்கள் டல்லாஸ்காரர்கள்தான். அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லுவதற்கு முன்னால், இந்தக் ‘காலி இடம்’ என்றால் என்னவென்று நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

என்.பி.ஏ. என்று வழங்கும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில் ஒவ்வொரு கோஷ்டியும் தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பணக்கார ஊர்க் கோஷ்டிகளே நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக 1984-ஆம் வருஷப் பருவத்திலிருந்து இந்த ஏற்பாடு அமலில் இருந்து வருகிறது. அப்போது வரம்பு 36 லட்சம் டாலர். 2011-இல் அது 5 கோடியே 80 லட்சம் டாலராக வளர்ந்துவிட்டது. சங்கத்தின் வருமானம் ஏற ஏற வரம்பும் ஏறும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளியிலிருந்து புதிய ஆட்டக்காரரைப் பெரிய சம்பளத்துக்கு அமர்த்த வேண்டுமானால், வரம்புக்குள் இடம் இருக்கவேண்டும். ஆனால் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்டக்காரரை மறுபடியும் அமர்த்திக்கொள்ள வரம்பைத் தாண்டியும் கோஷ்டி சம்பளம் கொடுக்கலாம். பாஸ்டன் கோஷ்டியின் புகழ் பெற்ற லாரி பேர்டின் பெயரால் இதைப் ‘பேர்ட் உரிமை’ என்பார்கள். அது மட்டுமல்ல, சொந்தக் கோஷ்டி ஒரு வருஷம் அதிகமாகவே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இருப்பவரை வைத்துக்கொள்வதற்குச் சட்டமே இரண்டு கைகளாலும் உதவி செய்கிறது. வருபவரைக் கூப்பிடுவதற்கோ, வீட்டைக் காலி செய்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பட்டம் வென்ற களிப்பு அடங்குவதற்குள் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு மூண்டது. 2011 ஜூலை முதல் டிசம்பர் வரையில் சங்கமே கதவடைப்புச் செய்தது. கடைசியில் ஏற்பட்ட உடன்படிக்கையில், வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கு முன்பு கிடைத்துவந்த நூற்றுக்கு 57 பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அத்துடன், அளவு மீறிச் செலவு செய்யும் கோஷ்டிகளுக்கு இருந்த வரியும் கடுமையாயிற்று. முன்பு ஒரு டாலர் மீறினால் ஒரு டாலர் வரி. 2013-ஆம் வருஷப் பருவத்திலிருந்து ஒன்றுக்கு ஒன்றரை. மேலே போகப் போக இன்னும் அதிகம். வருஷா வருஷம் மீறினால் அதற்கும் மேலே.

அப்போது டல்லாஸின் முதலாளியாக இருந்தவர் மார்க் க்யூபன். அதுவரையில் பணத்தைத் தண்ணீராக இறைத்தவர் என்று பெயர் எடுத்தவர். அவர் புதிய உடன்படிக்கையைப் படித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் பெரிய சம்பள ஒப்பந்தங்களால் கட்டுண்ட கோஷ்டிகள் திணறப் போகின்றன. கையைக் கட்டாமல் வைத்திருக்கிற கோஷ்டிக்குத்தான் நல்ல சரக்குக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஆகவே, ஒப்பந்தம் முடிந்திருந்த சாண்ட்லருக்கு நீண்ட கால ஒப்பந்தம் தர டல்லாஸ் முன்வரவில்லை. நியூயார்க் நிக்ஸ் கோஷ்டி நாலு வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டாலர் என்று அழைத்தது. சாண்ட்லர் போனார். சிறிய உருவத்துடன் இறுதிப் போட்டியில் மியாமியைத் திண்டாட வைத்த பாரியா மின்னசோட்டாவுக்குப் போனார். ஸ்டீவன்சன், பட்லர் என்று இன்னும் சிலரும் போனார்கள். பட்டத்தின் மெருகு கலைவதற்குள் பட்டம் வென்ற கோஷ்டி கலைந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். சாண்ட்லரை அனுப்பியதால் அந்த வருஷம் டல்லாஸுக்குக் காலி இடம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. மற்றவர்களின் சம்பளமே வரம்பை நிரப்பிக்கொண்டிருந்தது. இடம் கிடைக்கப் போவது 2012 கோடையில்தான். ஒரு வருஷம் கழித்து வரப் போகும் விருந்தாளிக்காக, வீட்டில் இருந்தவர் முதல் வருஷமே வெளியே போனார்.

அந்த விருந்தாளி யார் என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். நியூஜெர்ஸி நெட்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த டெரான் வில்லியம்ஸ், டல்லாஸுக்குப் பக்கத்திலுள்ள ஊரிலேயே வளர்ந்தவர். அவருடைய ஒப்பந்தம் 2012-இல் முடிந்தது. சொந்த ஊர்ப் பாசம், பட்டம் வென்ற கோஷ்டி, நோவிட்ஸ்கியின் தோழமை: இத்தனையும் இருக்கும்போது வராமல் இருப்பாரா? வரவில்லை! நெட்ஸ் கோஷ்டி அப்போது புரூக்ளினில் புது மண்டபத்துக்குக் குடி போய்க்கொண்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 9 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது. சட்டப்படி டல்லாஸ் நாலு வருஷத்துக்கு மேல் பேசவே முடியாது. வில்லியம்ஸை நேரில் கண்டு பேசிய முக்கியமான கூட்டத்துக்கு மிஸ்டர் க்யூபன் வரவும் இல்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் படம் பிடிப்பதில் ஈடுபட்டிருந்தார். அவர் வந்திருந்தால் விஷயம் வேறு விதமாகக்கூட முடிந்திருக்கும் என்று வில்லியம்ஸ் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார்.

இதற்கிடையில் நியூயார்க்கில் சாண்ட்லர் சும்மா இருக்கவில்லை. போன முதல் பருவத்திலேயே, சங்கத்தில் அவ்வருஷத்தின் தலைசிறந்த காவல் ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். நிக்ஸ் கோஷ்டிக்காரர் ஒருவருக்கும் அதற்கு முன்னால் அது கிடைத்ததில்லை. அடுத்த பருவத்தில் நிக்ஸ் 54 ஆட்டங்களில் வென்று, 2000-ஆம் வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பருவ முடிவுப் போட்டியில் ஒரு சுற்றைத் தாண்டியது. டல்லாஸோ 2012-இல் முதல் சுற்றிலேயே ஓக்லஹோமா கோஷ்டியிடம் நாலுக்குச் சைபர் என்று தோற்றது. அடுத்த பருவத்தில் 41 வெற்றி, 41 தோல்வி. பன்னிரண்டு வருஷமாகத் தவறாமல் நுழைந்த பருவ முடிவுப் போட்டிகளுக்குள் நுழையவே முடியவில்லை. 2013 கோடையில் மறுபடியும் காலி இடத்தைக் காட்டி டுவைட் ஹவார்ட் என்னும் மற்றொரு பெரிய ஆட்டக்காரரை அழைத்தார்கள். அவர் ஹூஸ்டனுக்குப் போனார்.

க்யூபன் பக்கத்தில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டேன். சாண்ட்லரின் உடம்பு அடிக்கடி மக்கர் செய்யும் உடம்பு. நியூயார்க் ஒப்பந்தத்தின் பிற்பகுதியில் கால் எலும்பு முறிந்து பல ஆட்டங்களில் அவர் இல்லாமலே போயிற்று. கிழட்டுக் கோஷ்டியைத் துணிந்து கலைக்காமல் நாலைந்து வருஷம் அப்படியே வைத்திருந்து, ஒரேயடியாகச் சரிந்துபோன கோஷ்டிகளும் உண்டு. வரியும் விளையாட்டல்ல. ஆனால் இந்த நியாயங்களெல்லாம், ‘சாண்ட்லருக்கு இவ்வளவு தரலாமா?’ என்ற கேள்விக்குப் பதிலாகும். ‘சாண்ட்லரை அனுப்பினால் யார் வருவார்?’ என்ற கேள்விக்கு ஆகாது. இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால், ‘யாராவது வருவார்’ என்பதற்கு மேல் டல்லாஸிடம் பதில் இருந்திருக்காது. காலி இடம் என்பது பணம்கூட அல்லவே! பணம் செலவழிக்க அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். இருப்பவரை அனுப்புவது நம் கையில் இருக்கிறது. வருபவரின் சம்மதம் அவர் கையில் இருக்கிறது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளின் கதை இதுதான்.

அப்படியானால் இடம் காலி செய்து இலாபம் அடைந்தவர்களே கிடையாதா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு, அதே மியாமிக்காரர்கள்தான்! 2010-ஆம் வருஷம் அவர்களிடம் மைக்கேல் பீஸ்லி என்னும் 21 வயது இளைஞர் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாடெங்கும் பொறுக்கியெடுத்த இளைஞர்களில் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரை மின்னசோட்டாவுக்கு ஏறக்குறைய இனாமாகவே கொடுத்துவிட்டார்கள். ஆனால் எப்போது கொடுத்தார்கள்? ஜேம்ஸும் போஷும் வருகிறோம் என்று பகிரங்கமாக அறிவித்த பிறகு. விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் இலையைப் போட்டார்கள். அப்போதும்கூட, மூவரும் தாங்கள் வாங்கக்கூடிய சம்பளத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, அந்த மிச்சத்தைக் கொண்டு யுடோனிஸ் ஹாஸ்லம் என்ற பழைய ஆட்டக்காரரை வைத்துக்கொண்டார்கள். ஹாஸ்லம் மியாமியிலேயே பிறந்தவர். வெளியூரில் அதிகச் சம்பளம் கிடைத்தும் போகாதவர். 2023-இல் ஓய்வு பெறும் வரையில் இருபது பருவங்கள் அங்கேயே இருந்தார். காலி செய்வதில் கைதேர்ந்தவர்களுக்கும் யாரைக் காலி செய்யக் கூடாது என்பது தெரிந்திருந்தது!

டல்லாஸ் கதைக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது. அதை நானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்பத்தகாதது என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

2014-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் டல்லாஸ் நாலு ஆட்டக்காரர்களைக் கொடுத்துச் சாண்ட்லரைத் திரும்ப வரவழைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்களில் வென்றது. 2015 கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. இந்தத் தடவை டல்லாஸின் கண் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் கோஷ்டியில் இருந்த டியாண்ட்ரே ஜார்டன் மேல் விழுந்தது. அவரும் கூடைக்கு அடியில் நிற்கிறவர். சாண்ட்லரைவிட வயதில் இளையவர். அவருக்காக மறுபடியும் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. சாண்ட்லர் காத்துக்கொண்டிருக்கவில்லை, பீனிக்ஸ் கோஷ்டியுடன் பேசி முடித்துவிட்டார். ஜூலை 3-ந் தேதி, டல்லாஸுக்கு வருகிறேன் என்று ஜார்டன் வாக்குக் கொடுத்தார். நாலு வருஷம், 8 கோடி டாலருக்கு மேல். விருந்தாளி இந்தத் தடவை வந்தே விட்டார் போலத் தோன்றியது.

ஆனால் சங்கத்தின் விதிகளில் ஒரு விசித்திரம். 2015-இல் ஜூலை முதல் தேதியிலிருந்து யார் யாருடன் வேண்டுமானாலும் பேசலாம் என்று இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது மட்டும் அந்த வருஷம் 9-ந் தேதிக்கு முன்னால் முடியாது. நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே சில நாட்கள்! அந்த நாட்களில் ஜார்டனுக்கு மனம் தடுமாறியது. விஷயம் தெரிந்ததும் கிளிப்பர்ஸ் கோஷ்டியின் பயிற்சியாளரும் முதலாளியும் ஆட்டக்காரர்களும் ஹூஸ்டனில் இருந்த அவருடைய வீட்டுக்குப் படையெடுத்துச் சென்றார்கள். அவர்களில் ஒருவரான பிளேக் கிரிஃபின், கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு நாற்காலியின் படத்தை வேடிக்கையாக வெளியிட்டார். ஜார்டனை வெளியேயும் விட மாட்டோம், டல்லாஸ்காரரை உள்ளேயும் விட மாட்டோம் என்று அதற்கு அர்த்தம். நள்ளிரவு மணி அடித்து 9-ந் தேதி பிறந்ததும் ஜார்டன் தம் பழைய கோஷ்டியின் ஒப்பந்தத்திலேயே கையெழுத்துப் போட்டார். க்யூபனைச் சந்தித்து ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்லை என்று டல்லாஸ்காரர்கள் வெகுவாக வருந்தினார்கள். வருந்தத்தக்க காரியம்தான். ஆனால் கையெழுத்தாகாத வாக்கை நம்பி, கையெழுத்துப் போடத் தயாராக இருந்தவரை அவர்கள் வழியனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கோடையிலேயே புரூக்ளின் கோஷ்டி ஒரு பெரிய சம்பளக்காரரிடம் கணக்குத் தீர்த்து வெளியே அனுப்பியது. கால் உபாதைகளால் ஆட்டம் தளர்ந்திருந்த அவர், தாம் வளர்ந்த ஊர்ப் பக்கமே திரும்பி வந்து டல்லாஸில் சேர்ந்தார். அவர் வேறு யாருமல்ல, டெரான் வில்லியம்ஸ்தான்! எந்த விருந்தாளிக்காக ஒரு பட்டக் கோஷ்டி கலைக்கப்பட்டதோ, அவர் நாலு வருஷம் கழித்து, பந்தி முடியும் வேளையில் வந்து சேர்ந்தார்.

இவ்வளவிலும் எனக்கு அனுதாபம் ஏற்படுவது க்யூபனிடம் அல்ல, சாண்ட்லரிடமும் அல்ல. சாண்ட்லர் போன இடமெல்லாம் நல்ல சம்பளமும் மரியாதையும் பெற்றவர். நோவிட்ஸ்கியை நினைத்தால்தான் மனம் கஷ்டப்படுகிறது. பட்டம் வென்றபோது அவருக்கு 33 வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. ஆட்டக்காரரின் வாழ்க்கையில் அதற்குப் பிறகு வரும் வருஷங்கள் எண்ணிச் செலவழிக்க வேண்டியவை. முதலாளிக்கு ஒரு கோடை தவறினால் அடுத்த கோடை இருக்கிறது. காலி இடத்துக்கு மூப்பு இல்லை. அவருக்கு அப்படியா? 2014-இல் அவர் மூன்று வருஷத்துக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர் போதுமென்று கையெழுத்துப் போட்டார். வேறு கோஷ்டிகளுக்குப் போயிருந்தால் அதைப் போல் பல மடங்கு வாங்கியிருக்கலாம். நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதற்கு இடம் வேண்டுமே என்று தம் சம்பளத்தையே அவர் காலி இடமாக ஆக்கிக் கொடுத்தார்.

2019-ஆம் வருஷம் ஏப்ரலில், ஒரே கோஷ்டியில் 21 பருவங்கள் ஆடிய பின்னர் அவர் ஓய்வு பெற்றார். மியாமியில் அழுத அந்த இரவுக்குப் பிறகு பருவ முடிவுப் போட்டிகளில் ஒரு சுற்றிலாவது வெல்லும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. டல்லாஸ் அடுத்தபடி ஒரு சுற்றில் வென்றது 2022-ஆம் வருஷத்தில், யூட்டா கோஷ்டியைத் தோற்கடித்து. அப்போது நோவிட்ஸ்கியின் 41-ஆம் எண் சட்டை, இனி யாரும் அணியக் கூடாதென்று, மண்டபத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது.